தின்னத் தின்னத் தேயும் கவுன்சிலர்

இன்னா நைனா, கோட்டைக்குப்பத்துல இருந்து இந்த வெயில்ல நடந்து வந்து, "ஆயா, எம் பூனைக்கு எளமை திரும்பிடுச்சு"ன்னு மார்தட்டிக்கினு நிக்கிறியே, உனக்கே சிரிப்பு வரல? 12 வயசுப் பூனை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூரை மேல ஓடறான். ஊரே தூங்கச் சொல்ல நடுவூட்டுல நின்னுக்கினு ஒப்பாரி வைக்கிறான். விடியறதுக்குள்ள ஒரு கிண்ணம் சோறு, நாலு கிழங்கான், பக்கத்து வூட்டுக்காரி ஆய்ஞ்சு போட்ட எறா தலை, அத்தினியும் காலி. ஆனா முதுகெலும்பை எண்ணிப் பாக்கலாம். இதான் எளமையா?

பேரு வேற வச்சிருக்கே, கவுன்சிலர்னு. ஏலத்துல யார் மீனு போனாலும் மொதல் பங்கு அவனுக்குன்னு நீதானே பெருமையா சொன்னே? எந்த ஊர் கவுன்சிலராவது தின்னு தின்னு எளைச்சதை நீ பாத்துக்கிறியா? அங்கியே உனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நம்ம பழவேற்காட்டு ஏரிக்கரையில சோறு எறங்கலைன்னாதான் நோவு. தட்டு காலியானா ஆளு நல்லா கீறான்னு அர்த்தம். மனுஷனுக்கும் அதே கணக்கு, ஆட்டுக்கும் அதே கணக்கு. உன் பூனைக்கு வந்திருக்கிற நோவு அத்தைத் தெரிஞ்சிக்கினுதான் நம்ம ஊர்ல வந்து ஒளியுது. பூனை திங்கும், ஓடும், குதிக்கும், பாக்கறவன் கை தட்டுவான். கை தட்டி முடியறதுக்குள்ள பாதி பூனைதான் மிச்சம் இருக்கும்.

போன தபா கேட்டப்ப தடைக்காலத்துல எளைச்சான்னு சொன்னே. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, விசைப்படகுக்குடா அது. ஏரியில மடவை நிக்கல, எறா நிக்கல, கவுன்சிலர் திருட்டும் நிக்கல. அப்பறம் கண்ணேறுன்னே. உங்க அத்தைக்காரி கழுத்துல ஒரு தாயத்தைக் கட்டினா. கட்டச் சொல்ல அந்தக் கழுத்தை அவ ஒரு தபா தடவிப் பாத்திருந்தா வேலை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கயிறு கட்டின எடத்துலதான் சமாசாரமே கீது!

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில எம் பேத்தி படிக்கிறாளே, 1903-ல வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்ச காலேஜு, அவ லீவுக்கு வந்தப்ப சொன்னதைத்தான் நான் உனக்குச் சொல்றேன். நான் பள்ளிக்கூடம் போனவ இல்ல. ஆனா பொன்னேரி மார்க்கெட்டுல மீன் வித்தவ. ஒரு தபா கேட்டா போதும், வெலையும் மறக்காது, வெவரமும் மறக்காது.

தொண்டையில மூச்சுக்குழாய்க்கு ரெண்டு பக்கமும் தைராய்டு சுரப்பின்னு ஒண்ணு கீது. ஒடம்பு எவ்ளோ வேகமா எரியணும்னு அதுதான் சொல்லும். வயசான பூனைக்கு அதுல சின்னச் சின்னதா கட்டி வளர்ந்து, கேக்காமலே சுரந்துக்கினே இருக்கும். உன் ஃபைபர் போட்டுல ஆக்சிலேட்டர் சிக்கிக்கினா இன்னா ஆவும்? போட்டு கரையில கட்டித்தான் கெடக்கும், இஞ்சின் மட்டும் கத்திக்கினு எண்ணெயைக் குடிக்கும். அவ்ளோதான் விஷயம். எவ்ளோ ஊத்தினாலும் பத்தாது. பாத்துக்கினே இருந்தா ஒரு நாள் இஞ்சினே போயிடும். பூனைக்கு இஞ்சின்னா இருதயம்.

தண்ணி நெறைய குடிக்கிறானா? குடிக்கிறான். ஒண்ணுக்கும் அதே அளவு போறான், உன் தலகாணி மேலயே போனான்னு கேள்விப்பட்டேன். தின்ன சூட்டுல வாந்தி எடுக்கிறானா? எடுக்கிறான். முடி பிசுபிசுன்னு ஒட்டிக்கினு, நக்கிச் சுத்தம் பண்ணக்கூட பொறுமை இல்லாம திரியறானா? வெயில் தாங்காம பானை வச்ச ஈர மண்ணுல போய் வயித்தை ஒட்டிப் படுக்கிறானா? எல்லாத்துக்கும் தலையாட்டறே. அப்பறம் எளமையாம், எளமை. டச்சுக்காரன் கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வச்சிட்டுப் போயிக்கிறான். மூணாவதா உன் பூனையை உக்கார வச்சா டூரிஸ்ட்காரன் டிக்கெட் வாங்கினு வந்து பாப்பான்.

இந்த நோவு ஒண்ணும் ஆதிகாலத்துது இல்ல தெரியுமா? பூனைக்கு இப்டி வருதுன்னு வெள்ளைக்காரனுக்கே 1979-லதான் தெரிஞ்சுது. நியூயார்க்குல அனிமல் மெடிக்கல் சென்டர்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அங்க மார்க் பீட்டர்சன்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் கண்டுபுடிச்சு எழுதினாங்க. அதுக்கு மின்ன இப்டி எளைச்ச பூனையை "வயசாயிடுச்சு"ன்னு வுட்டுட்டாங்க, இப்ப நீ வுடப் போனியே அதே மாதிரி. இப்ப அமெரிக்கா, இங்கிலாந்து பக்கம் 10 வயசு தாண்டின பூனைக்கு ஹார்மோன் நோவுன்னு வந்தா மொதல்ல இதைத்தான் தேடறாங்களாம்.

மனுஷனுக்கும் வர்றதுதான். அமெரிக்காவுல ஜனாதிபதியா இருந்தாரே பெரிய புஷ், அவருக்கு 1991-ல நெஞ்சு படபடன்னு அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனா, தைராய்டு கூடிப்போச்சுன்னாங்க. சம்சாரத்துக்கு அதுக்கு மின்னயே வந்திருந்துச்சு. ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் வந்தது ஒடம்பே தன்னைத்தானே தப்பா தூண்டிவுடற வகை, கிரேவ்ஸ் நோவுன்னு பேரு. பூனைக்கு அப்டி இல்ல, கட்டிதான் காரணம். புத்துநோயான்னு கண்ணைத் தொடைக்காதே. நூத்துல ரெண்டு மூணு பூனைக்குத்தான் அது கெட்ட கட்டி. மிச்சமெல்லாம் சாதுக் கட்டி, சுரக்கறதுல மட்டும் அடங்காது.

ஏன் வருதுன்னு கேட்டா அம்பது வருஷம் ஆகப்போவுது, இன்னும் ஒரே காரணத்தைக் கையில புடிச்சுக் காட்டினவன் இல்ல. டின்னுல அடைச்ச தீனி, டின்னுக்குள்ள பூசற பூச்சு, மெத்தையிலயும் டிவியிலயும் தீப்புடிக்காம இருக்கப் போடற ரசாயனம், தீனியில சோயா, அயோடின் ஏத்த எறக்கம்னு பல பேர் மேல புகார் கீது. சியாம் ஜாதிப் பூனைக்குக் கொஞ்சம் கம்மியாம். நம்ம பூனை எந்த ஜாதின்னு கேட்டா நாலு குப்பத்துல பஞ்சாயத்து கூட்டணும், அதை வுடு. நம்ம பக்கம் இந்த நோவைப் பத்தி பேச்சே இல்லாததுக்குக் காரணம் வேற. தெருப்பூனை 10 வயசு வரைக்கும் எங்க இருக்குது? நாய் வுட்டா லாரி, லாரி வுட்டா இன்னொண்ணு. உன் கவுன்சிலர் 12 வரைக்கும் வந்ததே நீ ஊட்டி வளத்ததால. நல்லா வளத்தவனுக்குத்தான் இந்த நோவைப் பாக்கற யோகம்.

சரி, நான் சொல்றேன்னு நம்பாதே. நீயே பாரு. எடை போடு. தராசுக்கா பஞ்சம்? ஏலம் போடற எடத்துல எலெக்ட்ரானிக் தராசு கீது. மூடி போட்ட கூடையில அவனை வச்சு எடை போட்டு, அப்பறம் வெறுங் கூடையை எடை போட்டுக் கழிச்சுக்கோ. யாவாரிங்க "கிலோ இன்னா வெல"ன்னு கேப்பானுங்க, வாயை மூடிக்கினு எழுதிக்கோ. வாரம் ஒரு தபா, அதே தராசுல. நாலு கிலோ இருந்த பூனை மூணு கிலோ ஆனா, "ஒரு கிலோதானே"ன்னு சொல்றதுக்கு இது பச்சை நண்டு இல்ல. ஒடம்புல நாலுல ஒரு பங்கு போச்சு. அறுபது கிலோ இருக்கிற நீ நாப்பத்தஞ்சா எளைச்சா உங்கம்மா சும்மா இருப்பாளா?

அடுத்தது, அவன் அசந்து படுத்திருக்கச் சொல்ல இடது பக்கம், முன்னங்கால் முட்டிக்குப் பின்னால ரெண்டு வெரலை வையி. நிமிஷத்துக்கு எத்தினி அடின்னு எண்ணு. எண்ணவே முடியாம கடகடன்னு ஓடினா, 240-ஐத் தாண்டினா, நீ என் வாசல்ல நிக்கிற நேரம் இல்ல, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற நேரம். கழுத்தையும் மெதுவா தடவிப் பாக்கலாம். பயறு அளவுக்கு எதனா நழுவினா கட்டி. நழுவலைன்னா கட்டி இல்லைன்னு அர்த்தம் இல்ல, உன் வெரலு வலை இழுத்துக் காய்ச்சுப் போன வெரலு. டாக்டர் வெரலுக்குத் தெரியும்.

ரத்தத்துல டி-4னு ஒண்ணு பாப்பாங்க. அந்த ஹார்மோன்ல நாலு அயோடின் ஒட்டிக்கினு இருக்கறதால அந்தப் பேருன்னு பேத்தி சொன்னா. அது கூடியிருந்தா முக்காவாசி முடிவு வந்துடும். தின்னுக்கினே எளைக்கிறது சக்கரை நோவுலயும் உண்டு, கொடல் நோவுலயும் உண்டு, வயித்துல பூச்சி இருந்தாலும் உண்டு. அதனால "ஆயா சொன்னா, தைராய்டுதான்"னு டாக்டர் கிட்டயே போய் வைத்தியம் பேசாதே. ரத்தம் எடுக்கட்டும், ரத்தக்கொதிப்பும் பாக்கட்டும். கொதிப்பு ஏறினா கண்ணுக்குள்ள இருக்கிற திரை பிரிஞ்சு ஒரே ராத்திரியில குருடாயிடும். செவுத்துல முட்டிக்கினு நிக்கிறதைப் பாத்து அப்பவும் நீ வெளையாடறான்னு சிரிப்பே.

வைத்தியம் நாலு வழி கீது. நாலையும் சொல்றேன், உனக்கு எது ஆவும்னு நீயே சிரிச்சுக்கோ.

மொதல் வழி பத்தியம். சுரப்பி அயோடினை வச்சுத்தான் ஹார்மோன் செய்யுது. அயோடினை ரொம்பக் கொறைச்ச தீனி குடுத்தா சுரக்கறதுக்குச் சரக்கு இல்லாமப் போவும். இதுக்குன்னே ஹில்ஸ் கம்பெனி 2011-ல ஒரு தீனி கொண்டாந்தான். வேலையும் செய்யுது. ஒரே ஒரு நிபந்தனை, அத்தை வுட்டு வேற ஒரு வாய் எதையும் திங்கக் கூடாது. இப்ப நம்ம ஊரை நெனச்சுப் பாரு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. கடல் மீன்ல அயோடின், எறாவுல அயோடின், கடையில வாங்கற உப்புல கவர்மெண்டே அயோடின் போட்டு வச்சிருக்குது. மணல்ல கருவாடு காயுது, வலையில ஒட்டின பொடி மீனு வாசல் பூரா செதறிக் கெடக்குது, ஒவ்வொரு வூட்டுத் திண்ணையிலயும் ஒருத்தி மீனு ஆய்ஞ்சிக்கினு கீறா. இந்தப் பழவேற்காட்டுல ஒரு பூனையை மீனு வாசனை இல்லாம வளக்கணும்னா அதைத் தூக்கிக்கினு அக்கரைக்குப் போய் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுல ஏத்தி அனுப்பிச்சாத்தான் உண்டு. அங்கியும் எவனாவது டிபன்ல வஞ்சிரம் வச்சிருப்பான். இந்த வழி உனக்கு இல்ல.

ரெண்டாவது, கதிரியக்க அயோடின். ஒரே ஒரு ஊசி. சுரப்பி ஆசையா அயோடினை இழுத்துக்கும், அந்தக் கதிரு கெட்ட திசுவை மட்டும் சுட்டுடும். நூத்துக்குத் தொண்ணூறு பூனைக்கு மேல ஒரே தபாவுல சரியாயிடும். வைத்தியத்துலயே இதான் ராசா. ஆனா ஊசி போட்டப்பறம் பூனையே கதிரு வுட்டுக்கினு இருக்கும், மூத்திரத்துலயும் கதிரு. எட்டு நாளைக்கு ஒரு தபா பாதி பாதியா அது கொறையணும். அது வரைக்கும் தனியா அடைச்சு வைக்கணும், அதுக்குன்னு கட்டின எடம் வேணும், லைசென்ஸ் வேணும். வெளிநாட்டுல அந்த வசதி நெறைய ஊர்ல கீது. உன் வூட்டுக் கோழிக்கூடு அந்தக் கணக்குல வராது.

மூணாவது ஆபரேஷன். கட்டியை அறுத்து எடுக்கறது. நல்ல கை கெடைச்சா சுகம். ஆனா அந்தச் சுரப்பிய ஒட்டிக்கினே சுண்ணாம்புச் சத்தைக் காக்கற பொடிச் சுரப்பிங்க கீது. அதுக்கு அடிபட்டா பூனைக்கு இழுப்பு வந்துடும். ஏற்கெனவே தெறிச்சுக்கினு ஓடற நெஞ்சுக்கு மயக்க மருந்து வேற. மொதல்ல மாத்திரையால ஒடம்பைத் தேத்திக்கினுதான் கத்தியை எடுப்பாங்க.

ஆக சுத்திச் சுத்தி நாலாவதுக்குத்தான் வரணும், மாத்திரை. மெத்திமசோல்னு ஒண்ணு, கார்பிமசோல்னு ஒண்ணு. கார்பிமசோல் உள்ள போனா மெத்திமசோலாத்தான் மாறும், அதனால ரெண்டும் ஒரே குடும்பம். டாக்டர் கம்மியா ஆரம்பிப்பாரு. ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பாத்து ஏத்துவாரு இல்ல எறக்குவாரு. கட்டியை இது கரைக்காது, சுரக்கறதை மட்டும் அடக்கும். நிறுத்தினா நோவு கொஞ்ச நாள்லயே திரும்பிடும். சாவற வரைக்கும் குடுக்கணும்.

இங்கதான் உன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. ஏரியில யார் என்னிக்கு எங்க வலை கட்டணும்னு பிரிச்சுக்கற பாட்டு முறையில உன் நாள் எதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவே. உன் எடத்துல இன்னொருத்தன் வலை கட்டினா பஞ்சாயத்தைக் கூட்டுவே. அப்டி நாள் மறக்காதவன், பூனை மாத்திரையை மூணாம் நாளே மறந்துட்டு "இப்பதான் நல்லா கீறானே ஆயா"ன்னு வந்து நிப்பே. நல்லா கீறது மாத்திரையாலடா!

வாயைத் தொறக்க மாட்டான்னு சொல்லாதே. பச்சை நண்டைக் கொடுக்கோட புடிச்சுக் கயிறு கட்டறவன் நீ. லுங்கியில சுத்தி மடியில வையி, தலையைப் பின்னால சாய்ச்சா தாடை தானா தொறக்கும், நாக்கு மேல தொண்டைக்கிட்ட போடு, வாயை மூடித் தொண்டையைத் தடவு. கூடவே ஊசி இல்லாத சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி, மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிக்கக் கூடாது. இல்லைன்னா வெந்த மீனு உருண்டையில மறைச்சு வையி. மாத்திரையை நுணுக்காதே. குடுத்துட்டுக் கையைக் கழுவு. உன் சம்சாரம் முழுகாம இருக்கறா இல்ல, அவ கை அந்த மாத்திரை மேல படவே கூடாது. பூனை போன மண்ணை அள்ளறதும் உன் வேலை. இத்தினி நாள் அவதானே அள்ளினா? பூனை வைத்தியத்துலயே இந்த ஒரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது.

மொதல் மூணு மாசம் கண்ணுல வெளக்கெண்ணெய் வுட்டுக்கினு பாரு. சோறு வேணாம்னு ஒதுங்கறது, வாந்தி, மூஞ்சியை ரத்தம் வர்ற வரைக்கும் சொறியறது, கண்ணு மஞ்சளாவறது, இதுல எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே டாக்டர் கிட்ட ஓடு.

இன்னொண்ணு. உங்கம்மா கூட தைராய்டு மாத்திரை போடறா, அதுல பாதி ஒடைச்சுக் குடுத்தா இன்னா, பஸ் காசு மிச்சம்னு உன் மண்டைக்குள்ள ஒரு யோசனை ஓடுது பாரு, அது உன் மூஞ்சியிலயே தெரியுது. உங்கம்மாவுக்கு சுரக்காத நோவு. அவ போடறது தைராக்சின், ஹார்மோனைக் கூட்டற மாத்திரை. கவுன்சிலருக்கு ஏற்கெனவே அதுதான் வழியுது. பேரு ஒண்ணு, நோவு நேரெதிர். அதே மாதிரி ஒடம்பு சுடுதேன்னு பாரசிட்டமால் குடுத்துடாதே. ஒரு மாத்திரை போதும், பூனை செத்துடும். தைராய்டுக்கு வைத்தியம் பாக்கப் போய் ஜொரத்துக்கு வைத்தியம் பாத்துக் கொன்னேன்னு ஊர்ல கெட்ட பேரு வாங்காதே.

கடைசியா சிறுநீரகம். இது சூட்சுமமான எடம், காதைக் குடு. தைராய்டு கூடச் சொல்ல ரத்தம் வேகமா ஓடறதால பழுதான சிறுநீரகம்கூட நல்லா வேலை செய்யற மாதிரி நடிக்கும். மாத்திரை குடுத்து வேகம் அடங்கினதும் வேஷம் கலைஞ்சு போவும். "மருந்துதான் கிட்னியைக் கெடுத்துச்சு"ன்னு டீக்கடையில நாலு பேர் சொல்லுவான். மருந்து கெடுக்கல, மறைஞ்சு கெடந்ததை வெளிய காட்டுச்சு. அப்பறம் டாக்டர் ரெண்டுக்கும் நடுவுல அளவு பாத்து மருந்து குடுப்பாரு. கருவாட்டுப் பக்கமும் அவனை வுடாதே, அந்த உப்பு இந்த வயசுல வேணாம்.

பேசினது போதும், எனக்கு மீனு ஆயணும். நாளைக்கு உனக்குப் பாடு இல்ல, நான் விசாரிச்சுட்டேன். விடிகாலைப் பஸ்ஸைப் புடிச்சு பொன்னேரி போய், அங்க ரயில் ஏறி சென்ட்ரலை ஒட்டின மூர் மார்க்கெட்டுல எறங்கு. வேப்பேரி பக்கம்தான். கூடை மூடியைக் கயித்தால கட்டு, ரயில்ல அவுத்துக்கினு ஓடினா சென்ட்ரல்ல கவுன்சிலரைத் தேடறேன்னு சொன்னா உன்னைத்தான் புடிச்சு உக்கார வைப்பாங்க. எடை எழுதின சீட்டை எடுத்துக்கினு போ. ரத்தம் எடுக்கச் சொல்ல டி-4 மட்டும் பாத்து அனுப்பிட்டா திரும்பி வராதே. கிரியேட்டினின்னு இன்னொரு கணக்கு கீது, சிறுநீரகத்துக்கு. அதையும் கேட்டு வாங்கிக்கினு வா.